கழற்றி வைத்த தகடு

மாலையில் விருந்தாளிகள் வருவதாக இருந்ததால், மரக்கடைக்காரர் அன்று மதியமே கடையிலிருந்து வந்துவிட்டார். மருமகள் போட்டிருந்த நாற்காலி வரிசை கோணலாக இருக்கிறதென்று சொல்லி, தம் கையாலேயே இழுத்து இழுத்து நேராக்கினார்.

"இதுக்கு மேல நேராக்கினா சுவர்தான் கோணலாத் தெரியும்" என்றாள் அவர் மனைவி.

"பரவாயில்ல. வர்றவங்க முதல்ல பாக்கறது நாற்காலியத்தான். அப்புறம்தான் நம்ம மூஞ்சியப் பாப்பாங்க."

அவருடைய மகள் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனை மணக்க விரும்பினாள். பையனின் பெற்றோர் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். மரக்கடைக்காரருக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது தம் குடும்பத்தைப் பற்றி ஒரு குறையும் பேசிவிடக் கூடாது. அவர் தலைமுறையில் யாரும் கடன் வைத்ததில்லை, கொடுத்த வார்த்தையை மாற்றியதில்லை. ஊரில் ஒருவர் ஒரு தகவலை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், "மரக்கடைக்காரரே சொன்னார்" என்பார்கள். அப்படிப்பட்ட பெயர் ஒரே நாளில் வருவதில்லை. அது ஒரே நாளில் போய்விடும் என்பதைத்தான் அவர் அன்றுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

வீட்டு மாடி முழுக்கச் சோலார் தகடுகள் போட்டிருந்தார். தெருவிலேயே அவர்தான் முதலில் போட்டவர். பகலில் வீட்டுக்கு மிஞ்சிய மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். ராத்திரி வேண்டியதைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது, முதல் மின்தடை வருகிற வரைக்கும். அன்று தெருவோடு சேர்ந்து அவர் வீடும் இருண்டது. வெயில் கொளுத்துகிறது, தகடுகள் மின்னுகின்றன, மின்விசிறி மட்டும் நிற்கிறது.

எதிர்வீட்டுத் தையல்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. "கூரை பூரா கண்ணாடி வெச்சுட்டு, சாயங்காலம் மெழுகுவத்தி கேட்டு எங்க வீட்டுக்கு ஆள் அனுப்பறாங்கப்பா" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தார்.

மரக்கடைக்காரர் சோலார் பொருத்தியவரை வரவழைத்துக் கோபித்துக்கொண்டார். அவர் பொறுமையாகச் சொன்னார்: "தெருவுல கரண்ட் நின்னா இதுவும் நின்னுதான் ஆகணும் சார். இல்லன்னா உங்க மாடியில வர்ற கரண்ட் வெளிய கம்பிக்குப் போகும். கம்பத்துல ஏறுறவர், லைன்ல ஒண்ணுமில்லன்னு நம்பித் தொடுவார். இருட்டுல இருக்க முடியாதுன்னா பேட்டரி வைக்கலாம். ஆனா அதுக்கு வேற ஏற்பாடு."

அந்த ஏற்பாடும் வந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் ஓர் இரும்புப் பெட்டி. அதில் இரண்டு கைப்பிடிகள். ஒன்று தெருக் கம்பிக்கான மெயின், மற்றது பேட்டரிக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இரும்புத் தகடு நகரும். ஒன்று மேலே இருந்தால் மற்றதை ஏற்ற அந்தத் தகடு விடாது. தெருக் கைப்பிடியை இறக்கி, தகட்டைத் தள்ளி, பிறகுதான் பேட்டரிக் கைப்பிடியை ஏற்ற முடியும். பொருத்தியவர் இதை விளக்கும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் மருமகள். "இதுதான் உயிரைக் காப்பாத்தறதும்மா. இதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று அவளிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அந்தத் தகடு இறுக்கமாக இருந்தது. தள்ளுவதற்குள் விரல் வலித்தது. அதற்குள் வீடு இருட்டில் கிடக்கும், மனைவி எதிலாவது இடித்துக்கொள்வாள், எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். தகட்டை எடுத்துவிடச் சொன்னபோது பொருத்தியவர், "அது மட்டும் என்கிட்ட கேக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டார். மரக்கடைக்காரர் தம் மர அறுவை ஆலையின் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். முதலாளி சொன்னால் மறுத்துப் பேசும் வழக்கம் அங்கே இல்லை. இரண்டு திருகாணியைக் கழற்றி, தகட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே மரக்கடைக்காரர், ரம்பத்தின் மேல் இருக்கும் பாதுகாப்புக் கூண்டை வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்த ஓர் ஆளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியவர். 'எனக்குக் கைப்பழக்கம் இருக்கு முதலாளி' என்று அந்த ஆள் எவ்வளவு மன்றாடியும் கேட்கவில்லை.

"அதை ஏன் மாமா கழட்டினீங்க?" என்று மருமகள் கேட்டபோது அவர் சொன்ன பதிலும் ஏறக்குறைய அதுதான். "எனக்குக் கை இருக்கு, கண் இருக்கு. முதல்ல இதை இறக்கணும், அப்புறம் அதை ஏத்தணும். இதுக்கு ஒரு தகரத் துண்டு வந்து எனக்குப் பாடம் நடத்தணுமா?"

பிறகு அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து, மகள் தேநீர்த் தட்டோடு வரும் நேரத்தில் வானம் கறுத்து மழையும் காற்றும் வந்தன. சன்னல்கள் படார் படாரென்று அடித்தன. தெருவில் மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது. வீடு இருண்டது.

"அடடா, கரண்ட் போச்சே" என்றார் பையனின் அப்பா.

"நம்ம வீட்ல போகாது" என்றார் மரக்கடைக்காரர். இருட்டிலேயே எழுந்தார். தேநீர்க் கோப்பை ஒன்று சரிந்து சிந்துவது கேட்டது. மகள் பதறினாள். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. படிக்கட்டறையைத் திறந்து, பழகிய கையால் பேட்டரிக் கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினார். விளக்கெல்லாம் எரிந்தன. அறையைப் பூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தார்.

தெருக் கைப்பிடியை அவர் இறக்கவில்லை. தகடு இருந்திருந்தால் அதை மறக்கவே விட்டிருக்காது.

"பரவாயில்லையே" என்றார் பையனின் அம்மா, விளக்கைப் பார்த்து.

"தெருவே இருட்டாக் கிடந்தாலும் நம்ம வீடு மட்டும் எரியும்மா" என்று சொல்லி, மரக்கடைக்காரர் சன்னல் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கி வைத்தார்.

பேச்சு நல்லபடியாகப் போனது. பையனின் அப்பா வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர். மழை ஓய்ந்து, வெளியே இருட்டத் தொடங்கியபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. லைன்மேன் வந்திருந்தார். ஏணியைக் கம்பத்தில் சாய்த்திருந்தார். அந்த வீட்டு வாசலில் நிற்பதுதான் தெருவின் கடைசிக் கம்பம். மரக்கிளை விழுந்து, வருகிற கம்பி அந்தக் கம்பத்தருகிலேயே அறுந்து மறுபக்கமாகத் தரையில் கிடந்தது. கம்பத்தில் மிஞ்சியிருந்த துண்டுக் கம்பியிலிருந்து இரண்டே வீடுகளுக்கு இணைப்புப் போயிற்று. ஒன்று மரக்கடைக்காரர் வீடு. இன்னொன்று, பூட்டிக் கிடந்த தையல்காரர் வீடு.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க" என்று லைன்மேன் கூப்பிட்டார். "டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் எடுத்தாச்சு, என் கூட்டாளி அங்கதான் நிக்கறாரு. உங்க வீட்ல மட்டும் லைட் எரியுது. மெயினை இறக்கிட்டுத்தானே எரிய விட்டிருக்கீங்க?"

மரக்கடைக்காரர் வாசற்படியில் நின்றார். முதுகுக்குப் பின்னால் விருந்தாளிகளின் கண்கள் இருந்தன. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். ஆனால் தம் வீட்டில் தாம் செய்ததைத் தாமே சந்தேகப்பட்டுப் பார்ப்பதா, அதுவும் இவர்கள் எதிரில்?

"எல்லாம் இறக்கியாச்சு. நீ தைரியமா வேலையப் பாரு."

"நீங்க சொன்னாப் போதும் சார். வேற வீடுன்னா உள்ள வந்தே பாத்திருப்பேன்." லைன்மேன் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "விசேஷமா? அப்ப சீக்கிரம் முடிச்சுத் தந்துடறேன். பிஸ்கட்டு மட்டும் மிச்சம் வையுங்க."

விருந்தாளிகளும் சிரித்தார்கள். லைன்மேன் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு ஏறினார். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் கருவி சைக்கிள் பையில்தான் இருந்தது. மழை திரும்பப் பிடிப்பதற்குள் இன்னும் பல தெருக்களுக்குப் போக வேண்டும். நம்பக்கூடிய மனிதர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தவரை அவர் கவனிக்கவில்லை. கதவைத் திறந்தார், பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது.

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த மருமகளுக்குச் சன்னல் வழியாக அந்த வெளிச்சம் தெரிந்தது. முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். அடுத்த கணம் தட்டை அப்படியே கீழே வைத்தாள். தெரு முழுக்க இருட்டு. எதிர்வீட்டில் பேட்டரியும் இல்லை, சோலாரும் இல்லை. வெளியே கம்பி அறுந்து கிடக்கிறது. அப்படியானால் அந்த விளக்கு எங்கிருந்து எரிகிறது?

அவள் கம்பத்தைப் பார்த்தாள். லைன்மேன் பாதிக்கு மேல் ஏறியிருந்தார்.

"மாமா" என்றாள். பேச்சுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். "மாமா, சாவி குடுங்க."

பேச்சு நின்றது. மரக்கடைக்காரர் புருவத்தை நெரித்தார். விருந்தாளிகள் எதிரில் மருமகள் இப்படி வந்து நிற்பது அந்த வீட்டில் நடந்ததில்லை. "என்ன சாவி? உள்ள போம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் பேச முடியாது மாமா. எதிர்வீட்ல லைட்டு எரியுது."

"எரியட்டுமே" என்றார் பையனின் அப்பா சிரித்தபடி. "கரண்ட் வந்துடுச்சு போல."

மரக்கடைக்காரர் சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பினார். எதிர்வீட்டு மஞ்சள் வெளிச்சம் தெருவில் நீளமாக விழுந்து, கம்பத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது தம் வீட்டு வெளிச்சம் என்று அவருக்குப் புரிந்தது. தம் மாடியிலிருந்து புறப்பட்டு, தம் படிக்கட்டறை வழியாக, கம்பத்தின் உச்சிக்கு ஏறி, அந்த வீட்டில் இறங்கி எரிகிற வெளிச்சம். வழியில், கம்பத்தின் உச்சியில், ஓர் ஆள் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

சட்டைப் பையில் சாவியைத் துழாவினார். எழுந்தபோது, மதியம் இழுத்து இழுத்து நேராக்கிய நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மருமகள் வாசலுக்கு ஓடினாள். "தொடாதீங்கண்ணா, கம்பியத் தொடாதீங்க" என்று அவள் கத்துவது கேட்டது. காற்றின் இரைச்சலில் அது மேலே எட்டியதா என்று தெரியவில்லை.

படிக்கட்டறைப் பூட்டில் சாவி நுழையவில்லை. அவசரத்தில் தலைகீழாகப் பிடித்திருந்தார். சாவி கீழே விழுந்தது. குனிந்து தேடினார். யாரும் தொடக் கூடாதென்று தாமே வாங்கிப் போட்ட பூட்டு. கையில் தட்டுப்பட்ட சாவியை இரண்டு கையாலும் பிடித்து நுழைத்தார். கதவு திறந்தது. உள்ளே இரண்டு கைப்பிடிகளும் மேலே பார்த்து நின்றன.

இரண்டையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தார். வீடு இருண்டது.

அதே நேரத்தில் வெளியே, ஏதோ கனமான பொருள் கல்லில் விழும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மரக்கடைக்காரர் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே நின்றார். விழுந்தது என்ன? யாராவது ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது. யாராவது பேசிவிடுவார்களோ என்றும் பயமாக இருந்தது. தம் மூச்சுச் சத்தம் மட்டும் அந்த இருட்டில் ரம்பம் அறுப்பது போலக் கேட்டது. 'நீங்க சொன்னாப் போதும் சார்.' அந்தக் குரல் இனிமேல் கேட்காமலே போய்விட்டால்?

"மெதுவா. மெதுவா இறங்குங்கண்ணா. நான் ஏணியப் பிடிச்சிருக்கேன்." மருமகளின் குரல்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். விழுந்தது லைன்மேனின் குறடு. அதன் வாயில் ஒரு பக்கம் கறுத்து உருகியிருந்தது. லைன்மேன் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். மேலே இருந்தபோது இடுப்பு வார்தான் அவரைக் கீழே விழாமல் பிடித்திருக்கிறது. இடது கையை மடியில் வைத்திருந்தார். அது தன்னுடைய கையே இல்லை என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் தோல் வெந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பேச்சு வந்தது. வலது கையால் போனை எடுத்தார். டிரான்ஸ்பார்மரடியில் நிற்கும் கூட்டாளியைக் கூப்பிட்டார்.

"யாரு போட்டது ஃபியூஸை? நான் மேல இருக்கேன்னு தெரியாது உனக்கு? என்னைக் கொல்லப் பாத்தியே."

அமைதியான தெருவில் எதிர்முனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது. "நான் எதையும் தொடலப்பா. ஃபியூஸ் என் கையிலயே இருக்கு. என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன்."

"சத்தியம் வேற பண்றியா? கரண்ட் வந்து என் கையப் பிடிச்சு இழுத்துது. நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன் பாரு. உன்னை இந்த வேலையிலயே வெச்சிருக்க மாட்டாங்க."

"ஆமா, கரண்ட் வந்துச்சே" என்றார் ஓடி வந்து நின்ற தையல்காரர். "நானே பாத்தேன், என் வீட்ல எரிஞ்சுது. இப்பத்தான் போச்சு."

மரக்கடைக்காரர் அசையாமல் நின்றார். அவர் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. கூட்டாளிதான் போட்டான் என்று லைன்மேன் நம்புகிறார். தையல்காரர் சாட்சி சொல்கிறார். விருந்தாளிகள் வாயிற்கதவருகே வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா இருந்தால் போதும், குடும்பத்தின் பெயர் அப்படியே இருக்கும். போனில் கெஞ்சிக்கொண்டிருக்கும், முகம் தெரியாத ஒருவனின் பெயர்தான் போகும்.

மருமகள் ஏணியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

கம்பத்தடியில் நின்றிருந்த அந்த நேரத்தில் அவருக்கு ஒரு புதுப் பயம் வந்தது. இது யாராவது செத்துப்போவார்களோ என்ற பயம் இல்லை. இப்போது வாயை மூடிக்கொண்டால், இனிமேல் 'மரக்கடைக்காரரே சொன்னார்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் தமக்கு எப்படி இருக்கும் என்ற பயம்.

"அவரைத் திட்டாதே" என்றார். "அவர் போடல. நான்தான்."

லைன்மேன் தலையை நிமிர்த்தினார்.

"மெயினை நான் இறக்கல. என் வீட்டுக் கரண்ட்தான் உன்னை அடிச்சது. ரெண்டும் ஒண்ணா ஏறாம இருக்க நடுவுல ஒரு தகடு வெச்சிருந்தாங்க. அதை நான்தான் கழட்டிப் போட்டேன்."

"நான் கேட்டேனே சார்" என்றார் லைன்மேன். குரலில் கோபம்கூட இல்லை. "இறக்கிட்டீங்களான்னு கேட்டேனே."

"கேட்ட."

"ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்கலாமே."

"போயிருக்கலாம். வந்தவங்க முன்னாடி கௌரவமா இருக்கட்டும்னு நின்ன இடத்துலயே சொல்லிட்டேன்."

கூட்டாளியின் குரல் போனில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. லைன்மேன் போனை வாயருகே கொண்டுபோய், "நீ இல்லப்பா" என்றார். போனை வைத்துவிட்டார்.

பையனின் அப்பா முன்னால் வந்தார். கார்ச் சாவியைக் கையில் எடுத்திருந்தார். "என் கார்ல ஏத்துங்க. கரண்ட் அடிச்சா வெளிய நல்லாத் தெரிஞ்சாலும் டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றார். மருமகளும் மரக்கடைக்காரரும் லைன்மேனைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். கார்க் கதவைச் சாத்தும்போது பையனின் அப்பா மரக்கடைக்காரரின் காதருகே குனிந்தார். "எங்க வீட்லயும் இதே பெட்டிதான் இருக்கு. தகடு இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. இவரை விட்டுட்டு நேரா வீட்டுக்குத்தான் போறேன். பேச வந்ததை இன்னொரு நாள் பேசிக்கலாம்."

லைன்மேன் பிழைத்தார். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, மறுநாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். இடது கையின் இரண்டு விரல்களில் மட்டும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. மரக்கடைக்காரர் மின் அலுவலகத்துக்குத் தாமே போய் நடந்ததைச் சொன்னார். அவர்கள் அபராதம் போட்டு, சோதித்துப் பார்க்கும்வரை சோலார் இணைப்பைத் துண்டித்தார்கள். தெருவில் பேச்சு எழுந்தது. பேசட்டும் என்றுவிட்டார். ரம்பக் கூண்டைக் கழற்றியதற்காக அனுப்பிய ஆளையும் தேடிப் பிடித்து வேலைக்குக் கூப்பிட்டார். இனிக் கூண்டைக் கழற்றக் கூடாது என்ற நிபந்தனையோடுதான்.

இழுப்பறையில் கிடந்த தகடு பழைய இடத்துக்குப் போனது. அறைப் பூட்டு குப்பைக்குப் போனது.

பையனின் பெற்றோர் மறுபடியும் வந்தார்கள். அன்றும் பேச்சு நடுவில் மின்சாரம் போயிற்று. கூடம் இருண்டது. மரக்கடைக்காரர் எழுந்திருக்கவில்லை.

"நீ போய்ப் பண்ணும்மா" என்றார் மருமகளிடம். "அவசரமே இல்ல."

படிக்கட்டின் கீழே கைப்பிடி இறங்கும் சத்தமும், இறுக்கமான தகடு கிறீச்சிட்டு நகரும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. எதிர்வீட்டிலிருந்து தையல்காரரின் குரல் வந்தது. "என்ன மரக்கடைக்காரரே, உங்க வீட்லயும் இருட்டா?"

"ஆமாய்யா, இருட்டுதான்" என்று அவர் உரக்கப் பதில் சொன்னார். பிறகு முகம் தெரியாத இருட்டில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளிடம் சொன்னார்: "கொஞ்ச நேரம் இருட்டுல இருந்தா யாருக்கும் மானம் போயிடாது. வெளிய கம்பத்துல ஒருத்தர் நம்ம வார்த்தையை நம்பி ஏறியிருப்பார். அவர் பத்திரமா இறங்கி வீட்டுக்குப் போறதுலதான் நம்ம வீட்டு மானம் இருக்கு. இது எனக்கு இந்த வயசுல, அதுவும் ஒருத்தர் கை வெந்த பிறகுதான் தெரிஞ்சுது. உங்களுக்கு அப்படித் தெரிய வேண்டாம்."

விளக்கு எரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார்கள். அங்கே இருட்டாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மரக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.